ரூட் 66-க்கு விசா வேணும்... சாத்தனூருக்கு ஸ்கூட்டர் போதும்!

"அண்ணே, லைஃப்ல ஒரு தடவையாவது ரூட் 66-ல வண்டி ஓட்டணும்ணே."

ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் சித்தப்பா பையன் வாரம் ஒருமுறையாவது அனுப்பும் மெசேஜ் இது. கூடவே ஒரு ரீல்ஸ். ஆளில்லாத நேர் ரோடு, சிவப்பு மண் குன்றுகள், ஓரமாகத் துருப்பிடித்த ஒரு பழைய கார்.

ரூட் 66 என்பது சிகாகோவில் தொடங்கி கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முடிந்த நெடுஞ்சாலை. 1926-ல் வந்தது, சுமார் 3,900 கி.மீ. நீளம். 1985-ல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் இருந்தே தூக்கிவிட்டார்கள். ஆனாலும் மிச்சமிருக்கும் துண்டுகளில் ஓட்டிப் பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போகிறார்கள்.

கடைசியாக அவன் அனுப்பிய ரீல்ஸ், அந்தச் சாலை கடந்துபோன அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. "டேய், கல் மரம் நம்ம பெரம்பலூர் மாவட்டத்துலயே இருக்கு" என்றேன். சிரிக்கும் எமோஜி வந்தது. அடுத்த ஞாயிறு காலை அவன் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

அமெரிக்க ரோடு ட்ரிப்பில் எதிரே காற்றில் உருளும் முள்செடி வரும். நமக்கு வி.கைகாட்டி பக்கம் வந்தது சுண்ணாம்புக்கல் லாரி. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தவன், அரியலூர் வருவதற்குள் நிறுத்திவிட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த என் கறுப்பு டி-ஷர்ட் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒருகாலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சேர்ந்து படிந்ததுதான் இந்தச் சுண்ணாம்புக்கல். நம்ம வீட்டுச் சுவரில் இருக்கும் சிமென்ட்டிலும் பல கோடி வருஷத்துச் சிப்பி இருக்கலாம்!

சாத்தனூர் கல்மரப் பூங்காவில் இறங்கியதும் தம்பி கேட்ட முதல் கேள்வி: "இதுக்காண்ணே இவ்ளோ தூரம்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. முதல் பார்வைக்கு, யாரோ வெட்டிப்போட்டு எடுத்துப்போக மறந்த அடிமரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகுக்குச் சொன்னார். இப்போது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

மரம் எப்படிக் கல்லாகும்?

ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம், கடலோரச் சேற்றில் புதைகிறது. காற்று புகாததால் மட்கிப் போகவில்லை. மண்ணுக்குள் ஊறும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, மரத்தின் செல்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து இறுகுகிறது. கடைசியில் மரத்தின் உருவம் மட்டும் அப்படியே மிஞ்சும், உள்ளே கல். இதைச் சொன்ன பிறகு தம்பி மரத்தைச் சுற்றி இரண்டாவது ரவுண்டு போனான். ரீல்ஸும் எடுத்தான்.

அடுத்து ஹைக்கிங். இடம், அதே வட்டாரத்தில் இருக்கும் காரை. மழை அரித்து அரித்து உண்டான செம்மண் பள்ளங்களும் மேடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நடுநடுவே ஜிப்சம் துண்டுகள் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. அரிசோனா ரீல்ஸை மியூட் செய்து ஓடவிட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பில் பிரைசன் என்ற எழுத்தாளர், சுமார் 3,500 கி.மீ. நீள அப்பலாச்சியன் பாதையை நண்பருடன் நடக்கக் கிளம்பி, முழுசாக முடிக்காமல் திரும்பிய கதையை 1998-ல் புத்தகமாகவே போட்டார். அந்த நண்பர், பை கனக்கிறது என்று வழியிலேயே சாப்பாட்டைத் தூக்கி எறிந்தவர். தம்பி அந்த ரகம்தான். கனக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தான். ரப்பர் செருப்பில் சரிவு இறங்கி, மீதி தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தான். நாங்கள் நடந்தது இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

டீக்கடையில் விசாரணை. "என்ன தம்பி, டைனோசர் முட்டை பாக்க வந்தீங்களா?" அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டையான கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தோடு தொடர்புடைய படிவங்கள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். முட்டை செய்தி போன வேகத்தில் விளக்கம் போகவில்லை என்பது டீக்கடையில் தெரிந்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. உடையார்பாளையம் தாண்டி வண்டியை நிறுத்தி, தம்பி பாக்கெட்டில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். துப்பாக்கித் தோட்டா மாதிரி, விரல் நீளக் கல். பெலம்னைட். கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனது.

"ஒண்ணே ஒண்ணுதானேண்ணே. அங்க லாரி லாரியா போகுது."

சட்டென்று பதில் வரவில்லை எனக்கு. அரிசோனா கதையைச் சொன்னேன். அந்தப் பூங்காவில் இருந்து கல்லை எடுத்துப்போனவர்கள், பின்னாளில் மனசாட்சி உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். வந்த கற்கள் பூங்காவில் தனியாக ஒரு குவியலாகவே கிடக்கின்றன. பழைய இடத்தில் வைக்க முடியாது. எந்த இடத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வாளருக்கு அது வெறும் கல்.

அதனால்தான் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து, லொகேஷனோடு படம் எடுப்பது நல்லது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே காட்டிக் கேட்கலாம்.

தம்பியின் பெலம்னைட் இப்போது சித்தப்பா வீட்டு டிவி ஸ்டாண்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரணவாசிக்கு அடுத்த ஞாயிறு போகிறோம். எங்கே எடுத்தீர்கள் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அன்றைக்கு எடுத்த 140 படங்களில் எதிலாவது லொகேஷன் ஆனில் இருந்ததா என்று, இரண்டு நாளாக உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறான்.