சிறு லொறிக்கு இரு பகைவர்

கனடாவிலே ரொறன்ரோ நகருக்கு அண்மையில் வாழும் எமது உறவினர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். ஏப்ரல் மாதம், பனி உருகி, நிலம் மீண்டும் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியிருந்த காலம். அவ்வீட்டுப் பையன், பதினான்கு வயதினன், குளிர்காலம் முழுவதும் கராஜின் மூலையிலே துணி போர்த்துக் கிடந்த தனது லொறியை ஆவலோடு வெளியே எடுத்து வந்தான். லொறி என்றதும் நெல் மூட்டை ஏற்றும் லொறியை எண்ணிவிட வேண்டாம். இரு கைகளாலும் தூக்கக்கூடிய விளையாட்டு லொறி அது. கையிலுள்ள வானொலிக் கருவியின் விசையை அசைத்தால், தூரத்திலே அதற்கேற்ப ஓடும், திரும்பும், நிற்கும். பையன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு வரவில்லை. பலங்கொண்டு மறுபடி இழுத்தான். கயிறு அறுந்தது, எஞ்சின் அசையவில்லை.

“நான் இதைத் தண்ணிக்குள்ள ஒருநாளும் விட்டதில்லை, மாமா” என்று எம்மிடம் சொன்னபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த காசில் வாங்கிய லொறி அன்றோ! அவன் கூறியதும் உண்மையே. ஆனால், எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே உருக்கு உறுப்புகள் எல்லாம் செந்நிறமாய்த் துருவேறியிருந்தன. நீரையே காணாத எஞ்சினுக்குள் நீர் எவ்வாறு புகுந்தது?

இதற்கு விடை காண, அச்சிறு எஞ்சினின் அமைப்பைச் சற்று அறிதல் வேண்டும். பற்றறியால் ஓடும் விளையாட்டு லொறிகளே இன்று பெருகிவிட்டன. ஆயினும், மெய்யான எஞ்சினின் முழக்கத்தையும் புகையையும் விரும்புவோர் இன்றும் உளர். அமெரிக்காவிலே ரெக்சாஸ் மாநிலத்து ட்ராக்ஸஸ் நிறுவனத்தார் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரி-மக்ஸ்’ என்னும் லொறி இவ்வகையிற் பெரும் பெயர் பெற்றது. அதன் முதல் எஞ்சினின் கொள்ளளவு 2.5 கன சென்றிமீற்றர்; ஒரு தேக்கரண்டியிற் பாதி எனலாம். மெதனோல், நைத்திரோமெதேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே இதன் எரிபொருள். மோட்டார்க் காரின் எஞ்சினிற் போல் இங்கே மின்பொறி தோன்றுவதில்லை. பிளாற்றினம் கலந்த கம்பிச் சுருளைக் கொண்ட சிறு பிளக் ஒன்று, தொடக்கத்திலே பற்றறியாற் சூடேற்றப்பட்டு, பின்னர் எஞ்சினின் வெப்பத்தாலும் மெதனோலின் தொடர்பாலும் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். இத்தகைய பிளக்கை 1947ஆம் ஆண்டளவில் ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே இச்சிறு எஞ்சின்கள் எங்கும் பரவின.

இவ்வெஞ்சினின் உயிர் எங்கே இருக்கிறது? பெரிய எஞ்சின்களிலே பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இங்கோ பெரும்பாலும் வளையமே இல்லை. அலுமினியப் பிஸ்டனும், குரோமியம் பூசிய பித்தளைக் குழலும் ஒன்றோடொன்று கனகச்சிதமாகப் பொருந்துவதே அமுக்கத்தைக் காக்கிறது. குழலின் மேற்பகுதி சற்றே ஒடுங்கியது. குளிர்ந்த எஞ்சினைக் கையாற் சுழற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகி நிற்பதை உணரலாம். அந்த இறுக்கம் தேய்ந்து போய்விட்டால் எஞ்சினின் ஆயுள் முடிந்தது. பிஸ்டனையும் குழலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அதைத் தேய்ப்பது புழுதி. இவ்வகை எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 30,000 தடவைக்கு மேலும் சுழலக்கூடியது. இரண்டடிப்பு எஞ்சினாகையால் ஒவ்வொரு சுற்றிலும் காற்றை உள்ளிழுக்கிறது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 2.5 கன சென்றிமீற்றரை 30,000 ஆற் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 லீற்றர் காற்று! லொறியோ தரையோடு தரையாய், தன் சில்லுகளே கிளப்பும் புழுதியின் நடுவில் ஓடுகிறது. காற்று காபுரேற்றரைக் கடந்து, உள்ளீடற்ற சுழல்தண்டின் வழியாகச் செல்வதால், புழுதி முதலிற் சேருமிடம் பெயாரிங்குகள். அதன் பின்னரே பிஸ்டன். எரிபொருளிலுள்ள எண்ணெயோடு மணற்றுகள் கலந்தால், சாணை பிடிக்கும் பசை ஒன்றை நாமே செய்து உள்ளே ஊற்றியது போலாகும். வடிகட்டி கழன்ற நிலையில் ஒரு மாலைப்பொழுது ஓடினாலே எஞ்சின் கெட்டுவிடக் கூடும்.

ஆதலால் காவல் முழுவதும் காபுரேற்றரின் வாயிலிலுள்ள ஸ்பொஞ்சு வடிகட்டியிடமே இருக்கிறது. அதற்கென விற்கப்படும் பிசுபிசுத்த எண்ணெயில் அது ஊறியிருத்தல் வேண்டும். புழுதியைப் பிடித்து வைப்பது எண்ணெயே. காய்ந்த ஸ்பொஞ்சின் துளைகளினூடாக நுண்துகள் எளிதிற் சென்றுவிடும். சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பிசைந்து, மிகுதியைப் பிழிந்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட எண்ணெய் இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வடிகட்டியின் றப்பர்க் கழுத்து காபுரேற்றரோடு சேருமிடத்தைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் போதும். பட்டி போட்டு இறுக்கி, சிலிக்கோன் பசையால் அடைத்துவிடுவது நன்று. வடிகட்டியைக் கழற்றுமுன் சுற்றுப்புறத்தைத் துடைத்து, கழற்றியதும் காபுரேற்றரின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிட வேண்டும். அதற்குமுன் ஒரு சோதனை: சுத்தமான விரலை அவ்வாயினுள் இலேசாகத் தடவி, பெருவிரலோடு உரசிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் புழுதி உள்ளே சென்றுவிட்டது என்றே பொருள். மூடியைத் துடைக்காமல் தாங்கியைத் திறப்பதாலும் அழுக்குச் சேரும். எரிபொருட் குழாயில் ஒரு சிறு வடிகட்டியைப் பொருத்தலாம்.

இனி நீர். குட்டையைக் கடக்கும் லொறியின் வடிகட்டி நனைந்தால் எண்ணெய் கழுவப்பட்டுவிடும். கரை சேர்ந்தபின் அது வடிகட்டியே அன்று. நீர் சிலிண்டருக்குட் சென்றாலோ நிலைமை மோசம். காற்றைப் போல் நீர் அமுங்காது. வேகமாய் எழும் பிஸ்டன் அதன்மேல் மோதினால் இணைப்புத் தண்டு வளையும். அவ்வாறு நின்றுவிட்ட எஞ்சினின் கயிற்றை ஒருபோதும் இழுக்கலாகாது. பிளக்கைக் கழற்றி, லொறியைக் கவிழ்த்து, மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே வேறு வேலை. வானொலி ஏற்பியை றப்பர் பலூனுக்குள் இட்டுக் கட்டிவைப்பது பழைய உபாயம். ஏற்பி நனைந்தால் லொறி சொற்கேளாது முழு வேகத்தில் ஓடிவிடக்கூடும் என்பதால், இது எஞ்சினுக்கு மட்டுமான காவல் அன்று.

ஆனால் எமது பையனின் லொறி குட்டையைக் கண்டதில்லை என்றோமே! நீர் வந்தது காற்றிலிருந்து. மெதனோல் காற்றின் ஈரத்தைத் தானாக உறிஞ்சும் இயல்புடையது. போத்தலின் மூடி தளர்ந்திருந்தால் எரிபொருளே கெட்டுப்போகும். அன்றியும், நைத்திரோமெதேன் எரிந்தபின் எஞ்சும் கழிவில் அமிலத்தன்மை உண்டு. ஒக்ரோபரில் கடைசியாக ஓட்டியவன், களைப்பில் லொறியை அப்படியே வைத்துவிட்டான். மிஞ்சிய எரிபொருளும் அமிலமும் ஈரமும் ஆறு மாதம் உள்ளே தங்கித் தம் வேலையைச் செய்தன.

விளையாட்டு முடிந்ததும் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலைதான். தாங்கியை வெறுமையாக்கி, குழாயிலுள்ள எரிபொருளும் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, இதற்கென உள்ள காப்பெண்ணெயில் சில துளிகளைச் சிலிண்டருள்ளும் காபுரேற்றருள்ளும் விட்டுச் சிலமுறை சுழற்ற வேண்டும். கடைசியாக, பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்த வேண்டும். உச்சியில் நின்றால், குளிர்ந்து சுருங்கும் குழல் அதனைக் கவ்விக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மெதனோல் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் கண்பார்வையைப் பறிக்கும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. போத்தல் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும்.

பையனும் தகப்பனாரும் எஞ்சினை இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைத்தனர். மூன்றாம் நாள் சுழல்தண்டு அசைந்தது. பெயாரிங்குகள் இரண்டையும் மாற்றினர். நல்லகாலம், பிஸ்டனுக்கும் குழலுக்கும் சேதமில்லை. நாம் புறப்படும் நாளன்று லொறி பின்வளவிலே முழங்கிக்கொண்டிருந்தது. பிஸ்டன் கீழே நிற்கும் நிலை தெரியும்படி, எஞ்சினின் பிளைவீலிலே சிவப்பு மையால் ஒரு புள்ளி இட்டிருந்தான் பையன்.