சைக்கிளில் ஆபீஸ் போகப் போகிறீர்களா?

"தினமும் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்க சார், சுகர் கட்டுப்படும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டில்? "மெட்ராஸ் டிராஃபிக்லயா? நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

டாக்டர் சொல்வதும் சரி, அந்த அம்மா பயப்படுவதும் சரி. 2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் உடல்நல விவரங்களை ஆராய்ந்தார்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடம் இதய நோயும் புற்றுநோயும் குறைவாகவே காணப்பட்டன. (எல்லாப் பெருமையும் சைக்கிளுக்கே என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பவர்களாக இருக்கலாம்.) ஆனால் அந்தப் பலனை அனுபவிக்க, தினமும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே!

கடைக்குப் போனால் முதலில் 21 கியர் சைக்கிளைத்தான் தள்ளிக்கொண்டு வந்து காட்டுவார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால் சென்னை தட்டையான ஊர். மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் எங்கே இருக்கிறது? கியர் இல்லாததே போதும், செலவும் மிச்சம். மலிவான சைக்கிளில் ஷாக் அப்சார்பர் வேண்டவே வேண்டாம். கனம்தான் கூடும், நீங்கள் மிதிக்கும் பலத்தில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். டயர் ரொம்ப மெல்லியதாக இருந்தால் மழைநீர்க் கால்வாய்க் கம்பி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஒன்றரை அங்குல அகலமாவது இருக்கட்டும்.

கலரைப் பார்ப்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். பளபளவென்று மின்னும் இரும்பு ரிம், மழையில் நனைந்தால் பிரேக் கட்டைக்குச் சரியாகப் பிடிகொடுக்காது. அலுமினிய ரிம் எவ்வளவோ தேவலை. டிஸ்க் பிரேக் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதன் அருமை புரியும். ரிம் பிரேக் என்றால், நிறுத்த வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

சீட் உயரம்? பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். பயந்துகொண்டு சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டினால் முட்டி வலி வந்து சேரும்.

இனி ரோடு. ஓரமாகப் போனால் ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ரொம்ப ஓரமாகப் போவதே ஆபத்துதான்! நிறுத்தியிருக்கும் காரின் கதவு சட்டென்று திறக்கும். அதனால் ஒரு மீட்டர் தள்ளியே போங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது பஸ், தண்ணி லாரிகளின் இடது பக்கம். சிக்னலில் லாரி நிற்கிறது, இடது பக்கம் சந்து கிடைக்கிறது, நுழைந்துவிடலாம் என்று தோன்றும். நுழையாதீர்கள்! அந்த இடத்தில் நீங்கள் இருப்பது டிரைவர் கண்ணுக்குப் படாமலே போகலாம். அவர் இடது பக்கம் திரும்பினால், முன்சக்கரம் உங்களைத் தாண்டிப் போனாலும் பின்சக்கரம் உள்ளே வளைந்து உங்கள் பக்கமே வரும். பின்னாலேயே நில்லுங்கள். ஒரு சிக்னல் போனால் போகட்டும், ஆபீஸ் எங்கேயும் ஓடிவிடாது.

தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விடாதீர்கள். அடியில் பள்ளம் இருக்கிறதா, மூடி இல்லாத சாக்கடை இருக்கிறதா, யார் கண்டது? இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு கட்டாயம். ஹெல்மெட்டும்தான். காதில் பாட்டு வேண்டாம். பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். டிபன் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல் கேரியரில் கட்டுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருப்பது அவசியம். வழியில் படபடப்பு, வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே இறங்கிச் சாப்பிடுங்கள். ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சைக்கிளைத் தொடக் கூடாது.

முதல் நாளே திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். மெயின் ரோட்டை விட்டு உள்தெருக்கள் வழியாகப் போக முடிகிறதா என்று தேடுங்கள். பத்து நிமிஷம் கூடினாலும் பரவாயில்லை. அந்த வழியை வீட்டிலும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.