காயம் ஆறிய பிறகும்

நம் உடம்பில் மிகவும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் உறுப்பு எது? மூளைதான். அதைச் சுற்றிக் கெட்டியான எலும்பு ஓடு இருக்கிறது. ஓட்டுக்குள் மூன்று சவ்வுகள். சவ்வுகளுக்கு இடையே தெளிந்த நீர். அந்த நீரில் மூளை மிதந்துகொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடை இருக்கும். கெட்டித் தயிரைப் போல மென்மையாக இருக்கும்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் மூளை அடிபடுகிறது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறார்கள். மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழுகிறார்கள். வீட்டிலேயே அடி வாங்கும் பெண்களும் உண்டு. ஓடு உடைந்தால்தான் மூளை காயப்படும் என்பதில்லை. ஓடுகிற பேருந்து திடீரென்று நின்றால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள்? முன்னே போய் மோதுகிறார்கள். பிறகு பின்னே சாய்கிறார்கள். மண்டைக்குள் மூளைக்கும் அதுதான் நடக்கிறது. அப்போது மூளைக்குள் ஓடும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. சில அறுந்தும் போகின்றன. இந்த இழைகள் மிக மிக நுண்ணியவை. ஸ்கேன் படத்தில் பல நேரம் தெரியாது. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்களே, பிறகு ஏன் இப்படி?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். காரணம் இதுதான்.

குடியும் இல்லை, சோம்பலும் இல்லை

பெங்களூரில் மாடி மாடியாகக் கட்டடங்கள் எழும்புகின்றன. ராய்ச்சூர்ப் பக்கமிருந்தும் அனந்தப்பூர்ப் பக்கமிருந்தும் மக்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போன ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் பிழைக்க வைத்துவிட்டார்கள். தையல் பிரித்தாயிற்று. முடி வளர்ந்து தழும்பையும் மறைத்துவிட்டது. பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே இருக்கே? எப்போ வேலைக்குப் போகப் போறே?" என்று கேட்கிறார்கள்.

அவரால் போக முடியவில்லை. காலை பத்து மணிக்கே படுக்க வேண்டும் போல இருக்கிறது. நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது. "குடித்திருக்கிறான்" என்கிறது தெரு. "சோம்பேறி ஆகிவிட்டான்" என்கிறார் மேஸ்திரி. நாளாக நாளாக மனைவிக்கும் அந்தச் சந்தேகம் வருகிறது. கடைசியில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

வெளிக்காயம் ஆறிவிட்டது. உள்காயம் ஆறவில்லை. அதுதான் உண்மை.

முதலில் அந்தக் களைப்பைப் பார்ப்போம். உடம்பின் எடையில் மூளை நூற்றில் 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அடிபட்ட மூளைக்கு இன்னும் சிரமம். ஆற்றுப் பாலம் உடைந்துவிட்டால் பேருந்து என்ன செய்யும்? நாலு ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். போய்ச் சேரும் ஊர் அதேதான். ஆனால் டீசல் அதிகம் ஆகும், நேரமும் ஆகும். அறுந்த இழைகளைச் சுற்றிக்கொண்டு செய்தி அனுப்பும் மூளையும் அப்படித்தான். செங்கல் எண்ணுவது, கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கவனிப்பது போன்ற சிறு வேலைகூட அதைச் சோர வைத்துவிடும்.

இந்தக் களைப்பைத் திட்டியோ வைராக்கியத்தாலோ போக்க முடியாது. களைத்து விழுந்த பிறகு ஓய்வு எடுப்பதைவிட, களைப்பு வருவதற்கு முன்பே கொஞ்ச நேரம் படுப்பது நல்லது. கடினமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். வானொலி பாட, குழந்தை அழ, நாலு பேர் பேச, நடுவில் அவரிடம் கணக்குக் கேட்கக் கூடாது. சத்தமும் கூசும் வெளிச்சமும் பலருக்குத் தலைவலியைக் கொண்டுவரும். தலைவலி என்று தினமும் மாத்திரை போடுவதும் தவறு. அளவுக்கு மிஞ்சினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

களைப்பு மாதக்கணக்கில் குறையவே இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. அடிபட்டதில் அது பாதிக்கப்பட்டிருந்தாலும் தீராத சோர்வு வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க முடியும்.

உள்காதில் ஒரு ரசமட்டம்

சுவர் சமமாக இருக்கிறதா என்று கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். நம் காதுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. உள்காதில் வளைந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நீர் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நீர் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். கண்ணும் செய்தி சொல்லும். பாதமும் சொல்லும். மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மூளை நம்மை விழாமல் நிறுத்துகிறது.

தலையில் அடிபட்டால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். உள்காதில் மாவுத்தூள் போன்ற சிறு படிகங்கள் உண்டு. அடியில் அவை இடம் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடலாம். அப்படி ஆனால் படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றும். பயந்துபோகத் தேவையில்லை. பழகிய மருத்துவர் தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவார். சில நிமிட வேலைதான். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். இது தெரியாமல் வருடக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாத் தள்ளாட்டமும் இப்படிச் சட்டென்று போகாது. மூளையின் பின்பகுதியில் காயம் என்றால் நடைப் பயிற்சி பல மாதம் வேண்டும். அதுவரை வீட்டில் கவனம் தேவை. இருட்டில் கண்ணின் உதவி கிடைக்காது. ஆகவே இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதும் இதே ஆபத்துதான். நின்று குளிக்க வேண்டாம், முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும்.

பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தாலும் நடை தடுமாறும். அதற்குக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போன வாசனை

மூக்கின் மேல்கூரையில் சல்லடை போல ஓட்டையுள்ள மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனை நரம்புகள் அந்த ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. தலை வேகமாகக் குலுங்கினால் இந்த இழைகள் அறுந்துபோகும். சிலருக்கு வாசனை மெல்லத் திரும்பும். சிலருக்குத் திரும்புவதே இல்லை.

கை கால் போனால் ஊரே பரிதாபப்படும். மூக்கின் திறன் போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சோற்றில் ருசி போய்விடுகிறது. "சாப்பாடு சப்பென்று இருக்கிறது" என்று அவர் சொன்னால் சமைத்தவர் கோபித்துக்கொள்கிறார். உண்மையில் ருசியில் பெரும்பகுதி மூக்கால் வருவதுதான்.

இதில் உயிருக்கு ஆபத்தும் இருக்கிறது. சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அதில் நாற்றமுள்ள ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வாசனை தெரியாதவருக்கு இந்த ஏற்பாடு பயன்படாது. அடிபட்டவர் சமையல் செய்யும் பெண்ணாக இருந்தால்? ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூட வேண்டும். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் வீட்டில் வேறு ஒருவர் முகர்ந்து பார்க்கட்டும். குழாயில் அவ்வப்போது சோப்பு நீர் தடவிப் பார்க்கலாம். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். கசிவு என்று தெரிந்தால் விளக்கு சுவிட்சைத் தொடக் கூடாது. கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். இந்தியா முழுவதும் இதே எண்தான். ஊசிப்போன குழம்பும் அவருக்குத் தெரியாது. அதையும் மற்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மடங்கும் கை, வரும் வலிப்பு

மூளையின் இடப் பக்கத்தில் காயம் என்றால் உடம்பின் வலப் பக்கம் பலம் குறையும். வலப் பக்கக் காயம் இடக் கையையும் காலையும் பாதிக்கும். முதலில் துவண்டு கிடக்கும் கை, பிறகு இறுகத் தொடங்கும். முழங்கை மடங்கும், விரல்கள் மூடிக்கொள்ளும். அப்படியே விட்டால் மூட்டு அந்த நிலையிலேயே கெட்டிப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொரு மூட்டையும் தினமும் மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். எப்படி என்று பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுப்பார். மனைவியோ மகனோ பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வது நல்லது. எண்ணெய் தடவுவதில் தவறில்லை. ஆனால் முரட்டுத்தனமாக இழுத்து முறுக்கக் கூடாது. தூக்கி உட்கார வைக்கும்போதும் துவண்ட கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள்மூட்டு நழுவிவிடும். உணர்ச்சி குறைந்த இடத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

விழுங்கச் சிரமம் இருந்தால் படுக்க வைத்து எதுவும் ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். பலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி எளிதாக இறங்கும். தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல் கண்டுவிடும்.

சிலருக்கு வலிப்பு வரும். அடிபட்டுச் சில மாதம், ஏன், சில வருடம் கழித்துக்கூட வரலாம். இது பேயும் அல்ல, சாபமும் அல்ல. காயத்தழும்பு உள்ள இடத்தில் மூளையின் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதால் வருகிறது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் கரண்டியையோ துணியையோ திணிப்பது ஆபத்து. அருகில் கல், அடுப்பு இருந்தால் விலக்குங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. "ஆறு மாதமாக வரவில்லை, இனி எதற்கு?" என்று சட்டென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வரும். மருந்து சாப்பிடும் காலத்தில் சாரம், கிணற்றடி, வண்டி ஓட்டுவது எல்லாம் விலக்க வேண்டியவை. சாராயமும் அப்படியே. அடிபட்ட மூளைக்குச் சிறிது குடித்தாலும் போதை அதிகம் ஏறும். வலிப்பும் எளிதில் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி நாளுக்கு நாள் கூடினால் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு பக்கம் பலம் குறைந்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனாலும் அப்படியே. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்குச் சிறு அடிக்குப் பிறகும் வாரக்கணக்கில் மெல்ல இரத்தம் கசிந்து சேர்வது உண்டு.

எவ்வளவு நாள் ஆகும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தேறுவார்கள். பிறகும் தேறுவார்கள், ஆனால் மெதுவாக. இரண்டு வருடம் கழித்தும் சிறு முன்னேற்றம் தெரிவது உண்டு. சில குறைகள் நிலைத்துவிடும். அந்தக் கொத்தனார் மறுபடியும் சாரம் ஏறாமலே போகலாம். தரையில் நின்று செய்யும் வேலைக்கு, அதுவும் அரை நாளுக்கு, முதலில் போய்ப் பார்க்கலாம். மேஸ்திரியிடம் மனைவியும் சேர்ந்து போய் விவரத்தைச் சொன்னால் நல்லது. அவளும் களைத்துப்போயிருப்பாள் என்பதை உறவினர்கள் மறக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் வேறு யாராவது அவரைப் பார்த்துக்கொண்டால் அவள் மூச்சு விட்டுக்கொள்வாள்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. மூளை, நரம்பு, மனநல நோய்களுக்கான பெரிய நிறுவனம் அது. 1974-இல் அமைக்கப்பட்டது. அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் தனிப் பிரிவு அங்கே உண்டு. தொலைவில் இருப்பவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி எங்கே என்று முதலில் விசாரிக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. மூளைக்காயம் என்ற பெயர் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் அதனால் வந்த கை கால் குறை, பார்வைக் குறை, பேச்சுக் குறை ஆகியவை உள்ளன. நூற்றுக்கு 40 பங்கோ அதற்கு மேலோ குறை என்று மருத்துவர்கள் சான்று தந்தால் பல அரசுச் சலுகைகளைக் கேட்கலாம். அரசு வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு இப்படிக் குறை ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்கள் அங்கேயும் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கலாம். தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தந்த சீட்டு, ஸ்கேன் படம், போலீஸ் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகல், மாத்திரைச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். வலிப்பு வந்த தேதியையும், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த முறை போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.