தொடைத் தசையால் இதயத்தைச் சரிசெய்ய முடியுமா? ஸ்டெம் செல் சிகிச்சையின் உண்மை நிலை

காலில் தசை கிழிந்தால் சில வாரங்களில் கூடிவிடுகிறது. மாரடைப்பில் செத்த இதயத் தசையோ திரும்ப வளர்வதில்லை. அந்த இடம் தழும்பாகிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற ஆய்வாளர், தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசை நாருக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே சிறு செல்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். 'சாட்டிலைட் செல்' எனப்படும் இவைதான் தசையின் ஸ்டெம் செல்கள். சாதாரண நேரத்தில் உறங்கிக் கிடக்கும். நார் அடிபட்டால் விழித்து, பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நாராக மாறும். சில மட்டும் அடுத்த காயத்துக்காக மீண்டும் உறங்கப் போய்விடும். சுப்ஹானல்லாஹ்!

இந்த வசதி இதயத் தசைக்கு இல்லை. அப்படியானால் காலிலிருந்து எடுத்து வைத்தால் என்ன?

2000-ஆம் ஆண்டு பாரிஸில் மருத்துவர் பிலிப் மெனாஷே அதைச் செய்து பார்த்தார். நோயாளியின் தொடையிலிருந்து சிறிது தசை எடுத்து, ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கி, பைபாஸ் அறுவையின்போது இதயத் தழும்பில் ஊசியால் செலுத்தினார். நோயாளியின் நிலை முன்னேறியது. ஆனால் அது பைபாஸால் வந்ததா, செல்களால் வந்ததா? அதை அறிய 97 பேரிடம் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. 2008-இல் வெளியான முடிவு ஏமாற்றமே: இதயத்தின் செயல்திறன் கூடவில்லை. கால் தசைச் செல் இதயத்துக்குள் போனாலும் கால் தசையாகவே இருக்கிறது. பக்கத்துச் செல்களின் மின்துடிப்போடு சேர்ந்து துடிப்பதில்லை. இதனால் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் உண்டு.

ஜப்பானில் இதே செல்களை மெல்லிய தாள்போல வளர்த்து இதயத்தின் மேல் ஒட்டினார்கள். 2015-இல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பலன் நிரூபணமாகவில்லை என்று 2024-இல் நிபுணர் குழு சொல்லிவிட்டது.

மார்க்க ரீதியில் இதில் பெரிய சிக்கல் இல்லை. கருவைச் சிதைப்பதில்லை, நோயாளியின் சொந்தச் செல்தான். பெரியவர்களின் உடலிலிருந்து அவர்களுக்குத் தீங்கின்றி, சம்மதத்தோடு ஸ்டெம் செல் எடுப்பதை மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 2003-இலேயே அனுமதித்தது.

சிக்கல் வேறு இடத்தில். தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம், 'ஸ்டெம் செல் போட்டால் நடப்பான்' என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். நகையை விற்றாவது கட்டத் துடிக்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்றவை யாவும் ஆராய்ச்சி நிலையில் உள்ளவையே. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. யாராவது அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணை முதலில் கேளுங்கள். எண் தராமல் தொகையை மட்டும் சொன்னால், பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.