டர்போவைக் குறை சொல்லும் முன் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

பழைய டீசல் காரில் இழுவை குறைந்து, மிதித்தால் கரும்புகை வர ஆரம்பித்துவிட்டால், கேட்கிற இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் வரும்: "டர்போ போயிடுச்சு." டர்போ மாற்றப் பல பத்தாயிரம் ஆகும் என்றதும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவற்றில் எத்தனை வண்டிகளில் டர்போ நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் விரிசல் விட்டாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அந்த ஹோஸின் விலை, டர்போவின் விலையில் ஒரு மூலைக்கு வராது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பா இன்னும் தறியில் உட்காருகிறார். நெய்த சேலைகளைச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோவது என் வேலை. அதற்கு 2011ல் வாங்கிய டீசல் கார் ஒன்று இருக்கிறது. போன வருஷம் பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலை ஏறி மூன்றாவது கியரில் மிதிக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். லாரியை முந்த வலு வராது, பின்னால் வருகிறவர் முகத்தில் புகை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போவையே மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்காமல் எங்கள் பகுதியில் பல காலமாக டீசல் வண்டி பார்க்கும் பெரியவரிடம் போனேன். பானட்டைத் திறந்தார், கையை உள்ளே விட்டார், விரலைக் காட்டினார். கறுப்பு எண்ணெய்.

"எண்ணெய் கசியிற எடத்துலதான் காத்தும் போவுது தம்பி. மொதல்ல பைப்பை மாத்து. அப்புறமும் இழுக்கலைன்னா டர்போவைப் பாக்கலாம்."

பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை மாற்றுகிறவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வோம். வண்டிக்கும் அந்த வரிசைதான் சரி.

காற்று போகும் வழி

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை முழுசாக எரிக்கலாம். சின்ன இன்ஜினுக்குப் பெரிய இழுவை கிடைப்பது இப்படித்தான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. சாதாரணப் பயணிகள் காரில் டீசலோடு டர்போ சேர்ந்து விற்பனைக்கு வர 1978 வரை ஆனது. மெர்சிடிஸ் பென்ஸ் 300எஸ்டி என்ற கார்தான் முதல்.

அழுத்தினால் காற்று சூடாகும். நெடுஞ்சாலை வேகத்தில் 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால் இன்டர்கூலருக்குள் விட்டு ஆற வைத்துத்தான் இன்ஜினுக்கு அனுப்புகிறார்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை ஒரு ஹோஸ், அங்கிருந்து இன்ஜின் வரை இன்னொன்று. உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ கூடுதல் அழுத்தம். கார் டயரில் பிடிக்கிற காற்றில் கிட்டத்தட்ட பாதி. மிதிக்கும்போது இந்த அழுத்தம் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வருஷக்கணக்கில் இப்படி உப்பிச் சுருங்கும் ரப்பரை வெளியிலிருந்து இன்ஜின் சூடும், உள்ளிருந்து இன்ஜின் மூச்சோடு வரும் எண்ணெய் ஆவியும் அரிக்கின்றன. எண்ணெய் ஊறிய ரப்பர் இளகிப் பருக்கும். பிறகு வளைவில் வெடிக்கும்.

ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? காற்று எவ்வளவு வருகிறது என்று அளக்கும் சென்சார் பெரும்பாலான கார்களில் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்றெல்லாம் இன்ஜினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்து கம்ப்யூட்டர் டீசலை விடுகிறது. பாதி காற்று வழியிலேயே போய்விட்டதால் டீசல் முழுசாக எரியாமல் கரும்புகையாக வெளியேறுகிறது. மைலேஜ் விழும். குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுழலும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் சக்கரம் அது. அதை இன்னும் விரட்டினால் பேரிங் தாங்காது. கிழிந்த ஹோஸோடு மாதக்கணக்கில் ஓட்டினால், நன்றாக இருந்த டர்போவும் உண்மையிலேயே போய்விடும்.

வயதாகிவிட்ட ஒரு தலைமுறை

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கார்களுக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் தயாரிப்பைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ல் திறந்தது. இரண்டிலிருந்தும் டர்போ டீசல் கார்கள் வந்தன. இவற்றோடு ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜினைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனி கார்களில் ஓடியது ஒரே இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஆக, தெருவில் ஓடும் அந்த டீசல்கள் எல்லாமே வயதானவை. 15 வருஷம் முடிந்த காரை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இன்ஜின் நன்றாக இருக்கிற வண்டியை ஒரு ரப்பர் துண்டுக்காகக் கைவிடுவது எனக்கு மனசாகாத காரியம்.

வீட்டு வாசலில் செய்யும் வேலை

ஹோஸை மாற்ற, முதலில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டர்போ பக்கத்து இரும்பு நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும் என்பதால் விடியற்காலைதான் நல்ல நேரம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். எதையும் தொடுவதற்கு முன் ஹோஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கிளாம்பின் திருகு எங்கே பார்க்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஹோஸுக்கு வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஸ்டாண்டு கொடுக்காமல் போகவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

ஹோஸ் எளிதில் கழன்று வராது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் இன்டர்கூலரின் வாய் உடையும். முறுக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் எப்படியும் தூக்கிப் போடப் போகிற பழைய ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழற்றிய உடனே திறந்த வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு சின்னத் திருகு உள்ளே விழுந்தாலும் இன்ஜின் காலி. திரும்ப மாட்டும்போது எல்லாத் துணியையும் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள்.

டர்போவின் வாய் திறந்திருக்கும்போதே சக்கரத்தை விரலால் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசியிருந்தாலோ டர்போவில் உண்மையாகவே பிரச்னை. உள்ளே எண்ணெய்ப் பூச்சு மெல்லிசாக இருந்தால் பயப்பட வேண்டாம். தேங்கி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

புது ஹோஸ் மாட்டும் இரண்டு வாய்களையும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பிசுக்கு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் வழுக்கி வெளியே வந்துவிடும். கிரீஸ், சோப்பு எதுவும் வேண்டாம். வாயின் ஓரத்தில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஹோஸைத் தள்ளி, கிளாம்பை மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வைத்து இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கும்வரை முறுக்க வேண்டியதில்லை. கிளாம்பும் புதிதாகவே இருக்கட்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறிய பிறகு இன்னொருமுறை இறுக்கம் பாருங்கள்.

ஹோஸ் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதை வைத்து அளவும் வளைவும் பார்த்துத்தான் வாங்கினேன். புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும். கதவும் விளக்கும் அங்கே வாங்கலாம். ரப்பர் வேண்டாம், அதற்கும் நம்முடையதைப் போலவே வயதாகியிருக்கும்.

கழற்றிய ஹோஸை அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். கீறிய இடத்தில் இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே நூல் தெரிந்தது. நகத்தால் ஓர் இழையை இழுத்தார். எண்ணெயில் ஊறிய இழை, இழுத்த இழுப்புக்கே அறுந்து வந்தது.

"இது நெசவு இல்லப்பா, பின்னல்" என்றார். "வளையணும்னு பின்னியிருக்கான். நூலு போனப்புறம் ரப்பரு என்ன பண்ணும்?"

அவர் சொன்னதுதான் விஷயம். அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். நூல் இற்றுப்போனால் வெளியே பார்க்க ஹோஸ் நன்றாக இருந்தாலும் வளைவில் அழுத்தினால் விரிசல் வாய் திறக்கும். சும்மா நிற்கும் வண்டியில் அழுத்தம் ஏறாது என்பதால் சத்தமும் கேட்காது. ஆகையால் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஹோஸை மாற்றிய பிறகு என் வண்டி பழைய இழுவைக்கு வந்துவிட்டது. புகையும் நின்றது. எல்லோருடைய வண்டியிலும் ஹோஸ்தான் குற்றவாளியாக இருக்கும் என்று சொல்லவில்லை. மலிவான காரணத்தை முதலில் சோதிக்காமல் விலை உயர்ந்த பாகத்தைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, "டர்போ பைப்பையும் ஒருவாட்டி அழுத்திப் பாருங்கண்ணே" என்று சொல்லுங்கள். அவர் பார்க்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் கையை வைத்துப் பாருங்கள்.