கிளைக் கடைகளும் சரக்குக் கடனும்



ஒரு கடை நன்றாக ஓடினால் இரண்டாவது கடை போடச் சொல்லி வீட்டிலும் சொல்வார்கள், நண்பர்களும் சொல்வார்கள். நம் பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த ஆசை பலருக்கு உண்டு. ஆசையில் தவறில்லை. ஆனால் கிளை எந்தப் பணத்தில் முளைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சுபிக்ஷா கடைகள் நம்மவர்களுக்கு நினைவிருக்கும். 1997-ல் சென்னை திருவான்மியூரில் தொடங்கியது. ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது. மளிகையும் மருந்தும் அச்சிட்ட விலைக்குக் கீழே கிடைத்தன. தெருக்கடைக்காரர்கள் பயந்துபோனார்கள், நானும்தான். தமிழ்நாட்டுக்குள் இருந்தவரை நிதானமாகவே வளர்ந்தது. பிறகு டில்லி, மும்பை, குஜராத் என்று பாய்ந்து, செல்போன் விற்பனையிலும் இறங்கி, 2008-ல் சுமார் 1,600 கடைகள் ஆயின. வளர்ச்சிக்கான பணத்தில் பெரும்பகுதி கடன். அந்த ஆண்டு உலகமெங்கும் பண நெருக்கடி வந்து, புதுக் கடன் நின்றது. வாடகை, சம்பளம், சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. 2009 தொடக்கத்தில் கதவுகள் மூடிக் கிடந்தன. வாடிக்கையாளர் வராததால் மூடிய கடைகள் அல்ல இவை. வந்தவருக்குக் கொடுக்க அலமாரியில் சரக்கு இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், சரக்கு மட்டும் வேறு. டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடை நிறுவனத்தை 2005-ல் சிலர் சேர்ந்து சுமார் 660 கோடி டாலருக்கு வாங்கினார்கள். வாங்கிய கடன் கடையின் தலையிலேயே ஏறியது. வட்டி கட்டவே வருமானம் போயிற்று. 2017 செப்டம்பரில் நொடிக்கப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், பொம்மை அனுப்புகிறவர்கள் பலர் ரொக்கம் கேட்டார்கள். அந்த மாதமே திவால் மனு. 2018 ஜூனுக்குள் அங்கிருந்த 700-க்கு மேற்பட்ட கடைகளும் மூடப்பட்டன.

பெரிய கடைகளின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் கணக்கைப் பாருங்கள். மளிகையில் விற்பனை ரொக்கம், கொள்முதல் கடன். நாலு லட்சம் ரூபாய்ச் சரக்கை 21 நாள் தவணையில் எடுத்து 15 நாளில் விற்றுவிட்டால் கல்லா நிறைந்து தெரியும். அதில் கடைக்காரருடையது லாபம் மட்டுமே, மீதி மொத்த வியாபாரியுடையது. அந்தப் பணத்தை அடுத்த கிளைக்கு அட்வான்ஸாகக் கொடுத்தால், பழைய பாக்கியைப் புதுக் கிளையின் கடன் சரக்கை விற்றுத்தான் கட்ட வேண்டும். கிளை பெருகும்வரை சக்கரம் சுற்றும். நின்ற மாதம் எல்லா பில்லும் ஒன்றாக வரும்.

என்னிடம் பல வருடம் சரக்கு எடுத்தவர் ஒருவர், ஒரே வருடத்தில் இரண்டு கிளை போட்டார். திறப்பு விழாவுக்கு நானும் போய் வந்தேன். கொஞ்ச நாளில் சர்க்கரையும் எண்ணெயும் என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார். லாபம் குறைந்த அந்த இரண்டையும் வேறு இடத்தில் ரொக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, பருப்பு, மிளகாய் மட்டும் என்னிடம் கடனுக்குக் கேட்டார். புதுச் சரக்கு வேண்டும்போதுதான் பழைய பில்லுக்குப் பணம் வரும். பேரேட்டைப் புரட்டினால் பாக்கி மூன்று மடங்காகியிருந்தது. மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டிய அடையாளம் இதுதான். நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

நேரில் போய் உட்கார்ந்து பேசினேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு கணக்கை எடுத்துக் காட்டினார். இரண்டு கிளைகளையும் மூடி, இருந்த சரக்கை முதல் கடைக்குக் கொண்டுவந்தோம். அட்வான்ஸில் பாதியைக் கட்டிடக்காரர் பிடித்துக்கொண்டார். எனக்கு வரவேண்டியதை மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்க்க இரண்டு வருடம் ஆயிற்று. அந்த முதல் கடை இன்றும் நடக்கிறது. துவரம் பருப்பு இரண்டு மூட்டைக்கு மேல் என்றால் ரொக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.