கடைக்கு வழி சொல்லும் அகப்பக்கம்

‘ஆயர் ஈத்தாம்’ என்றால் கறுப்புத் தண்ணீர். ஜொகூரிலும் அதே பொருளில் ஓர் ஊர் உண்டு. பீங்கான் பொருள்களுக்குப் பேர்போனது. நம் ஊர்ப் பெயரையோ ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பினாங்குக் கடையைத் தேடுபவர் ஜொகூருக்குப் போய்விடலாம். ஆகவே, அகப்பக்கத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஆயர் ஈத்தாம், பினாங்கு’ என்ற முழு முகவரி இருப்பது நல்லது.

இங்குள்ள சிறுவணிகர்களுக்கு அகப்பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் நான் பார்ப்பது இதுதான்: திருமண விருந்து, பலகாரம், தீபாவளிப் படங்கள், தொலைபேசி எண் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருக்கும். விலைப்பட்டியல் வெறும் படமாக இருக்கும்.

கூகுளின் நிரல் பெரும்பாலும் ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியே பக்கங்களைக் கண்டுபிடிக்கிறது. எந்த இணைப்பும் இல்லாத பக்கம், கதவில்லாத அறை மாதிரி. படத்துக்குள் இருக்கும் விலையைவிட, எழுத்தாகத் தட்டச்சு செய்த விலையே அதற்கு எளிதில் புரியும்.

இந்த ஒழுங்கை நமக்குக் கற்றுத் தந்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. அகப்பக்கத்துக்கும் அதுவே விதி.

உணவுக்கடை என்றால் முகப்பில் மூன்று பிரிவு போதும்: விருந்து, பலகாரம், தொடர்பு. விருந்தின் கீழ் திருமணம், பிறந்தநாள், கோயில் அன்னதானம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். தலைப்பு வெறும் ‘சேவைகள்’ அல்ல. ‘திருமண விருந்து – ஆயர் ஈத்தாம், பினாங்கு’. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் முகப்புக்கும் அடுத்த பக்கத்துக்கும் இணைப்பு. தமிழுக்கும் மலாய்க்கும் தனித்தனிப் பக்கங்கள். ஊர்ப் பெயரை வரிக்கு வரி திணிக்க வேண்டாம். அது குப்பையாகவே கருதப்படும்.

‘முதலிடம் உறுதி’ என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கைப்பேசியை வீட்டில் உள்ள பெரியவரிடம் கொடுத்து, நூறு பேருக்கு விருந்து என்ன விலை என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.